வாளும் உறையும் வரலாறும்

ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். அதியமான்மீது படையெடுக்க எண்ணிய தொண்டைமான், தன் படைக்கலக் கொட்டிலைப் புலவருக்குப் பெருமையுடன் காட்டுகிறான். அங்கே வேல்கள் நெய் பூசப்பெற்று, மயிற்பீலியும் மாலையும் சூடி, காவல் மிக்க மாளிகையில் மின்னுகின்றன. அதியமானின் வேல்களோ போரில் முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வதுபோலப் பழித்த அந்த நயத்தைத் தமிழாசிரியர்கள் விளக்கிக் கேட்டிருக்கிறோம். வரலாறு பயிலும் மாணவன் அதே செய்தியில் வேறொன்றையும் காணலாம். படைக்கலத்துக்கு வாய்க்கும் இடங்கள் இரண்டு. ஒன்று மாளிகை, மற்றொன்று உலைக்களம். எது எங்கே போய்ச் சேருகிறது, ஏன் சேருகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தபால்தலை, நாணயம் சேர்ப்பவர்களை நம் கல்லூரியிலேயே காணலாம். பழைய வாள், குத்துவாள், உறை, படைச் சீருடை ஆகியவற்றைச் சேர்ப்பவர்கள் நம் நாட்டில் குறைவு. மேல்நாடுகளில் இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் தென்னிந்தியக் கட்டாரிகள் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. அவை பிறந்த மண்ணில் அவற்றின் பெயர்கூடப் பலருக்குத் தெரியவில்லை. இதை எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

தஞ்சைக் கொட்டிலின் கதை

தமிழ்நாட்டில் படைக்கலச் சேகரிப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வர வேண்டியது தஞ்சாவூர். நாயக்கர் ஆட்சியிலும், பின்னர் 1855 வரை மராட்டியர் ஆட்சியிலும் தஞ்சை அரண்மனையில் ஒரு மாபெரும் படைக்கலக் கொட்டில் இருந்தது. 1799-இல் இரண்டாம் சரபோசி மன்னர் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி கம்பெனியார் கைக்குப் போயிற்று. மன்னருக்கு எஞ்சியது பட்டமும் தஞ்சைக் கோட்டையுமே. அவர் மகன் சிவாசி 1855-இல் ஆண் வாரிசின்றி இறக்கவே, அந்தப் பட்டமும் முடிந்தது. வெல்ல ஆளில்லாத அரண்மனையில் வாள்கள் மட்டும் குவியல் குவியலாக எஞ்சி நின்றன.

அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர் 1878-இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் எழுதிவைத்தார். சிறந்தவையும் வியப்புக்குரியவையும் பொறுக்கி எடுக்கப்பட்டுச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. மற்றவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. இது நடந்தது 1860-களில். பல தலைமுறைக் கொல்லர்களின் கைத்திறன் எடைக்கு எடை தராசில் ஏறிப் போயிற்று.

இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் காணும் தஞ்சைப் படைக்கலங்கள் அந்த அழிவில் தப்பிப் பிழைத்தவை. யாளி முகமும் கிளி உருவமும் செதுக்கிய கைப்பிடிகள், வலைப்பின்னல்போல் துளையிட்ட எஃகுத் தகடுகள், கையை மூடும் காப்புடைய கட்டாரிகள், யானைத் தந்தத்தால் செய்த வளரிகள் எனப் பலவகை அவற்றுள் உண்டு.

ஆனால் தப்பிப் பிழைத்தவற்றுக்கும் ஒரு குறை இருக்கிறது. இந்த வாள் எந்த மன்னன் காலத்தது, எந்தப் பட்டறையில் வார்த்தது, யார் இடையில் தொங்கியது என்பதை அன்று எவரும் கேட்டு எழுதவில்லை. கேட்டிருந்தால் சொல்லக்கூடிய அரண்மனைக் காவலர்களும் கொல்லர்களும் அப்போது உயிருடன் இருந்திருப்பார்கள். ராபர்ட் எல்குட் என்னும் அறிஞர் 2004-இல் இத்தொகுப்பைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். காலம் கணிப்பதற்கு அவர் கோயில் சிற்பங்களைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. சிற்ப வீரர்களின் இடையில் செருகிய கட்டாரியின் வடிவத்தையும் பேழையில் உள்ள கட்டாரியின் வடிவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அது. மராட்டியர் காலத்தவை என்று எண்ணப்பட்ட பல, அவற்றுக்கு முந்திய நாயக்கர் காலத்தவை எனத் தெரியவந்தது. ஒரு வரிக் குறிப்பு இல்லாமற் போனதற்கு ஒன்றரை நூற்றாண்டு உழைப்பு விலையாயிற்று.

பல்லாவரத்துக் கல்

இதே 1860-களில், பொழிச்சலூரிலிருந்து நடந்தே போகக்கூடிய பல்லாவரத்தில் வேறொரு நிகழ்ச்சி நடைபெற்றது. 1863 மே 30-ஆம் நாள், நில இயல் அறிஞர் ராபர்ட் புரூஸ் பூட், பல்லாவரம் கண்டோன்மெண்ட் அருகே சரளை தோண்டிய குழி ஒன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பார்ப்பவர் கண்ணுக்கு அது சாதாரணக் கல். அவர் கண்ணுக்கு அது பழைய கற்கால மனிதன் கையால் செதுக்கிய கருவி. இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. பின்னாளில் அவர் சேர்த்த தொகுப்பு முழுவதையும் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தஞ்சையில் வேலைப்பாடு மிக்க வாள்கள் கிடைத்த இடத்திலேயே இரும்பாயின. பல்லாவரத்தில் வேலைப்பாடே இல்லாத ஒரு கல் வரலாறாயிற்று. எங்கே கிடைத்தது, எந்த மண் அடுக்கில் கிடைத்தது, என்று கிடைத்தது என்று ஒருவர் எழுதிவைத்ததே காரணம். சேகரிப்புக் கலையின் முதற்பாடம் இதுதான். பொருளை மட்டும் சேர்ப்பவன் கடைக்காரன். பொருளோடு அதன் செய்தியையும் சேர்ப்பவனே சேகரிப்பாளன்.

பணச் சந்தையும் இதையே ஒப்புக்கொள்கிறது. 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் திப்பு சுல்தானின் வாள் ஒன்று 1 கோடியே 40 இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் படுக்கை அறையில் எடுக்கப்பட்டு, ஜெனரல் பெயர்டுக்குப் பரிசாக வழங்கப்பட்டது என்ற தொடர்ச்சியான சான்று அந்த வாளுடன் வந்தது. அந்தச் சான்று இல்லாவிடில் அதுவும் நல்ல பழைய வாள்களுள் ஒன்று, அவ்வளவே.

வாளைப் படிக்கும் முறை

குறிப்பு எழுத வேண்டுமானால் பொருளைப் படிக்கத் தெரிய வேண்டும். சில அடிப்படைகளை இங்கே காண்போம்.

கட்டாரி என்பது குத்துவதற்கென்றே அமைந்த படைக்கலம். இதன் பிடி மற்றக் கத்திகளின் பிடிபோல நீளவாக்கில் இராது. இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே ஏணிப்படிபோல் குறுக்குக் கம்பிகள் இருக்கும். அவற்றைப் பற்றி முட்டியை மடக்கினால் அலகு முட்டிக்கு நேராக நிற்கும். கையின் முழு வலிமையும் முனையில் இறங்கும்.

பட்டா என்பது மராட்டிய வீரர்களின் வாள். முழங்கைவரை மூடும் இரும்புக் கையுறையோடு சேர்ந்த நீண்ட, இருபுறமும் கூரிய அலகுடையது. நாம் பேச்சில் வழங்கும் பட்டாக்கத்தி என்னும் சொல்லை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிச்சுவா என்பது தேள்கொடுக்குபோல் வளைந்த சிறு குத்துவாள். இந்தியில் ‘பிச்சூ’ என்றால் தேள். வளரி என்பது எறிந்து தாக்கும் வளைதடி. மறவர், கள்ளர் நாடுகளில் பெரிதும் வழங்கியது.

வடநாட்டு ‘தல்வார்’ வளைந்த அலகும், பிடியின் முடிவில் வட்டத் தட்டும் உடையது. தஞ்சைத் தொகுப்பிலும் பிறவற்றிலும் காணப்படும் இன்னொரு வகை ‘பிரங்கி’. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த நேரான அலகுக்கு நம் கொல்லர்கள் நம் முறைப்படி பிடி அமைத்த வாள் இது. ஐரோப்பியரைக் குறித்த ‘பிராங்க்’ என்னும் சொல்லே இப்பெயருக்கு மூலம். நம் பரங்கிமலையின் பெயரும் அதே சொல்லில் பிறந்ததுதான். இத்தகைய அலகுகளில் ‘ஆந்திரேயா பெராரா’ என்ற பெயரோ, ஓடும் ஓநாய் முத்திரையோ காணப்படுவதுண்டு. ஓநாய் முத்திரை முதலில் பாசவ் நகரத்துக்கும் பின்னர் சோலிங்கன் நகரத்துக்கும் உரியது. இரண்டும் ஜெர்மனியில் உள்ளவை. புகழ்பெற்ற முத்திரையைப் பிறர் போலியாகக் குத்துவது அந்தக் காலத்திலேயே உண்டு. ஆதலின் முத்திரையைக் கண்டவுடன் முடிவு கட்டிவிடக் கூடாது. மராட்டியத் தளபதி முதலாம் ரகூசி போன்சலேயின் வாளும் இந்தப் பிரங்கி வகையே. 2025 ஏப்ரலில் மகாராட்டிர அரசு அதை லண்டன் ஏலத்தில் சுமார் 47 இலட்சம் ரூபாய்ச் செலவில் மீட்டது.

உள்நாட்டு எஃகுக்கும் பெரும் புகழ் இருந்தது. களிமண் மூசைக்குள் இரும்பையும் தாவரப் பொருளையும் இட்டு மூடி, நெடுநேரம் உலையில் வைத்து உருக்கிய எஃகை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்றனர். கன்னட ‘உக்கு’, நம் ‘உருக்கு’ ஆகிய சொற்களோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவர். இரும்புடன் கரி கலந்து மெல்ல ஆறுவதால் அலகின்மேல் நீரலை போன்ற வரிகள் தோன்றும். ‘டமாஸ்கஸ் வாள்’ என்று உலகம் கொண்டாடிய வாள்கள் பல இத்தகைய இந்திய எஃகால் ஆனவையே. இதன் மருமத்தை அறிய மைக்கேல் பாரடே போன்ற விஞ்ஞானியே 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோதனைகள் செய்தார் என்றால் இதன் பெருமையை உணரலாம்.

ஆங்கிலேயர் காலத்து வாள்களைப் படிப்பது சற்றே எளிது. பிடியின் காப்பில் படைப்பிரிவின் எண்ணும் எழுத்தும் குத்தியிருக்கும். அலகில் அரசரின் பெயர் முதலெழுத்துகள் பொறித்திருக்கும். லண்டன் வில்கின்சன் நிறுவனம் 1854 முதல் தன் வாள்களின் முதுகில் வரிசை எண் பொறித்தது. அந்த எண்ணைக் கொண்டு எந்த ஆண்டில் செய்தது, பல வேளைகளில் எந்த அதிகாரி வாங்கியது என்பதையும் கண்டுபிடித்து விடலாம்.

உறையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இது தவறு. வாளைப் பற்றி உறையும் செய்தி சொல்லும். மரச் சட்டத்தின்மேல் தோலோ வெல்வெட்டோ போர்த்து, வாயிலும் நுனியிலும் பூண் இட்டு உறை செய்வர். வாய்ப்பூணின் வளைவும் அலகின் வளைவும் பொருந்தினால் இரண்டும் உடன்பிறந்தவையாக இருக்கலாம். பொருந்தாவிடில் பின்னாளில் சேர்த்தவை என்று கொள்ளலாம்.

சீருடை சொல்லும் செய்தி

சீருடை வெறும் துணி என்று எண்ணுபவர்கள் வேலூரை நினைக்க வேண்டும். 1806 சூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு உடனடிக் காரணம் புதிய தலைப்பாகை. அதில் தோலாலான குச்சம் வைக்கப்பட்டது. நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்ற கட்டளையும் சேர்ந்துகொண்டது. தன் மானத்தின்மேல் கைவைத்ததாகவே சிப்பாய் அதை எண்ணினான். கிளர்ச்சி அன்றே கொடுமையாக அடக்கப்பட்டது. ஆனால் அந்தத் தலைப்பாகை ஆணையும் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டே கவர்னர் பெண்டிங்க் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். ஒரு தொப்பி ஓர் ஆட்சியை அசைத்த கதை இது.

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் படை அதிகாரிகளின் விழாக்காலச் சீருடைகளையும் பதக்கங்களையும் வாள்களையும் காணலாம். 1795-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் 1948 சனவரி 31-ஆம் நாள் அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது. சீருடையின் காலத்தை அறியப் பொத்தானைப் பார்த்தாலே போதும். மகுடம் இருந்தால் வெள்ளையர் ஆட்சியும் அதையடுத்த சில ஆண்டுகளும். அசோகரின் சிங்கங்கள் இருந்தால் 1950-இல் குடியரசு மலர்ந்த பின்னர். என்.சி.சி. மாணவர்கள் தங்கள் சின்னங்களை அடிக்கடி துலக்குகிறார்கள். அவற்றில் என்ன உருவம் உள்ளது என்றும் ஒருமுறை உற்றுப் பார்க்கலாம்.

வாள் போர்க்களத்தை விட்டுப் போய்விட்டாலும் அணிவகுப்பை விட்டுப் போகவில்லை. பரங்கிமலையில் 1963-இல் தொடங்கிய படை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, இன்று அகாதெமியாக விளங்குகிறது. பயிற்சியில் மிகச் சிறந்து விளங்குபவருக்கு அங்கே வழங்கப்படுவது ஒரு வாளே.

காக்கும் முறை

நம் கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. இரும்புக்கு இதைவிடப் பகை வேறில்லை. பழைய வாளுக்கு உரிய பாதுகாப்பு விதிகளைச் சுருக்கமாகக் கூறலாம்.

முதலாவது, வெறுங்கையால் அலகைத் தொடலாகாது. வியர்வையின் உப்பு விரல்ரேகை வடிவிலேயே துருவாகப் பதியும். பருத்திக் கையுறை அணிய வேண்டும்.

இரண்டாவது, உப்புத்தாள், செங்கல் தூள், புளி, எலுமிச்சை எதையும் கொண்டு தேய்க்கலாகாது. ஆயுத பூசைக்கு வாள் பளபளக்க வேண்டும் என்று தேய்ப்பவர்களே அதன் நீரலை வரியையும் முத்திரையையும் அழித்துவிடுகிறார்கள். போரில் ஏற்பட்ட பல்லும் தேய்வும் வாளின் வரலாறு. அவற்றைத் திருத்துவது பழைய ஓலையில் எழுத்தைச் சுரண்டுவது போன்றதாகும். தளர்ந்த துருவைத் துணியால் துடைத்து, மெல்லிய இயந்திர எண்ணெய் பூசினால் போதும்.

மூன்றாவது, வாளை உறையில் இட்டுவைக்கலாகாது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். தோலைப் பதனிட்ட பொருள்களும் அது உறிஞ்சிய ஈரமும் உள்ளேயே அலகை அரிக்கும். வாளும் உறையும் அருகருகே, ஆனால் தனித்தனியே இருக்க வேண்டும்.

நான்காவது, சீருடையை மடித்துப் பெட்டியில் அடைக்கலாகாது. மடிப்புக் கோட்டில் நூல் அறும். பஞ்சு சுற்றிய கொக்கியில் தொங்கவிட்டு, வெயில் படாமல், பூச்சி அண்டாமல் காக்க வேண்டும். பித்தளை தோலின்மேல் படும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். இடையே காகிதம் வைக்கலாம்.

மிகவும் அரித்துப்போன பொருளாயின் நாமே மருத்துவம் பார்க்கக் கூடாது. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடம் 1930-களிலேயே டாக்டர் எஸ். பரமசிவன் தலைமையில் உலோகப் பாதுகாப்பில் நாட்டுக்கு வழிகாட்டியது. அத்தகைய வல்லுநரை அணுகுவதே முறை.

போலியும் சட்டமும்

சுற்றுலாப் பயணிகளுக்கென்று புதிதாகச் செய்து, அமிலத்தில் தோய்த்துத் துருவேற்றிய வாள்கள் பழமைப் பொருள் கடைகளில் நிறைய உண்டு. இயற்கைத் துரு ஆழமும் மேடும் பள்ளமுமாய் இருக்கும். செயற்கைத் துரு ஒரே சீராகச் செம்மண் பூசியதுபோல் இருக்கும். பழைய தல்வாரின் பிடிக்குள் அலகின் வாலை அரக்கு ஊற்றி இறுக்குவர். அங்கே புதிய பசையோ பற்றவைப்போ தெரிந்தால் ஐயுற வேண்டும். உண்மையான வாள் கையில் எடுத்தால் எடை தெரியாமல் நிற்கும். போலி முனைப்பக்கம் சாயும்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வாள், குத்துவாள் முதலியவற்றை ஆயுதங்களாகவே கருதுகின்றன. வீட்டு, வேளாண், தொழிற் கருவிகள் இவற்றில் சேரா. அரசு அறிவிக்கை செய்த இடங்களில் இவற்றுக்கு உரிமம் வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணுக்குள்ளிருந்து புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஐயனார், கருப்பர் கோயில்களில் நேர்ந்து சாத்திய அரிவாளும் வேலும் எவருடைய சேகரிப்புக்கும் உரியவை அல்ல. அவை இருக்குமிடமே அவற்றின் பொருள்.

நாம் செய்ய வேண்டியது

மாணவர்களாகிய நம்மிடம் ஏலத்தில் வாள் வாங்கப் பணம் இல்லை. இருக்கவும் வேண்டியதில்லை. பல்லாவரம், பரங்கிமலை, தாம்பரம், பொழிச்சலூர்ப் பகுதிகளில் படைத்துறையில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள் பல உள்ளன. நம்முள் பலர் வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். ஊரில் பாட்டனார் வீட்டுப் பரணில் ஒரு கட்டாரியோ, பித்தளைப் பொத்தான் கழன்ற காக்கிச் சட்டையோ, பூண் உதிர்ந்த உறையோ கிடக்கக்கூடும். வீடு இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ அவை காயலான் கடைக்குப் போகின்றன. தஞ்சையில் ஓர் அரசு செய்ததை இன்று ஒவ்வொரு வீடும் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறது.

இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு நூல்நாடாவும் எடுத்துக்கொள்வோம். பொருளின் நீளம், அகலம், எடை, அதில் உள்ள எழுத்து, முத்திரை, பழுது அனைத்தையும் எழுதுவோம். புகைப்படம் எடுப்போம். அதைவிட முக்கியமாக, வீட்டில் மூத்தவரிடம் கேட்போம்: இது யாருடையது? எந்தப் படையில் இருந்தார்? எந்த ஊருக்குப் போனார்? இது எப்படி வீட்டுக்கு வந்தது? அவர் சொல்வதைச் சொன்னபடியே, சொன்னவர் பெயரும் நாளும் இட்டு எழுதுவோம். நிச்சயமாகத் தெரிந்தது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து எழுதினால் அது ஆவணமாகிவிடும். பொருளைக் காக்க வீட்டில் இடமில்லை என்றால், இந்தக் குறிப்புடன் அருங்காட்சியகத்துக்கு வழங்கலாம். குறிப்புடன் வரும் பொருளுக்கு அங்கே மதிப்பு மிகுதி.

இரும்பு இன்னும் நூறாண்டு தாங்கும். அதன் கதையைச் சொல்லக்கூடிய முதியவர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார். ஆகவே வாளை எடுப்பதற்கு முன் பேனாவை எடுப்போம்.